உபயம்: பேர் தெரியாத சில நூறு நூலகங்கள்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ கோயில் பதிவுன்னு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது புத்தகப் பதிவு. ஆனா திருவிழா வரி, டியூப்லைட் உபயம் எல்லாம் நடுவுல வரும், பொறுமையா படிங்க :-)

போன மாசம் அமாண்டா வைட்மேன் எழுதின 'பிராட் டு லைஃப் பை தி வாய்ஸ்' புத்தகத்தைப் படிச்சு முடிச்சேன். தமிழ் சினிமாவின் பின்னணிப் பாடகர்களைப் பற்றிய ஆராய்ச்சி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021-ல் வெளியிட்டது. டி.எம்.எஸ். குரல் எப்படி ஹீரோவோட குரல் ஆச்சு, எல்.ஆர்.ஈஸ்வரி குரலுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு முத்திரை விழுந்தது... நாம டீக்கடையில் அரட்டை அடிக்கிற விஷயத்தை ஒரு மானிடவியல் பேராசிரியர் வருஷக்கணக்கா உட்கார்ந்து ஆராய்ஞ்சிருக்காங்க.

ஆனா இன்னைக்கு எழுத வந்தது பாட்டைப் பற்றி இல்லை. அந்தப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி. நான் பத்து பைசா கொடுக்கலை. யார்கிட்டயும் 'மச்சி, பிடிஎஃப் இருக்கா?'ன்னு கேட்கலை. திருட்டுத் தளம் எதுக்கும் போகலை. பதிப்பகமே தன்னோட தளத்தில் முழுப் புத்தகத்தையும் திறந்து வச்சிருக்கு. யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். பேர், மின்னஞ்சல் கூட கேட்கலை.

நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஜென்மங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு கல்லூரியை விட்டு வெளியே வந்தவங்களுக்குத் தெரியும். படிக்கிற நாலு வருஷம் நூலகத்தின் கடவுச்சொல் கையில் இருக்கும். அப்போ நாம அதைத் தொடறதில்லை (செமஸ்டர் ஜெராக்ஸ் போதும்ல). வெளியே வந்து, சம்பளம் வாங்கி, உண்மையிலேயே ஏதாவது படிக்கணும்னு ஆசை வரும்போது அந்தக் கதவு சாத்தியிருக்கும். மேற்கத்திய பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் போடுற கெட்டி அட்டைப் புத்தகம் ஒண்ணு சர்வசாதாரணமா 100 டாலர் இருக்கும். தமிழ்நாட்டைப் பற்றின புத்தகத்தைத் தமிழ்நாட்டுல இருக்கிறவன் வாங்க முடியாது. அதுதான் நிலைமை.

அதனால ஓசியில் கிடைச்சதும் முதல்ல சந்தோஷம், அடுத்து சந்தேகம். நம்ம ஊர்ல ஓசியில கிடைக்கிற எதுக்கும் பின்னால ஒருத்தர் காசு கொடுத்திருப்பார். இதுக்கு யார் கொடுத்தது?

தேடிப் பார்த்தா, நூலகங்கள்!

ஒரு புத்தகத்துக்கு என்ன செலவு?

'மின்னூல்தானே, அச்சடிக்கிற செலவு இல்லையே, சும்மா கொடுத்தா என்ன?' இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. 2016-ல் இதாகா என்ற அமைப்பு அமெரிக்காவில் 20 பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் 382 புத்தகங்களை எடுத்துக் கணக்குப் போட்டது. ஒரு ஆராய்ச்சிப் புத்தகத்துக்கு ஆகிற செலவு சராசரியா சுமார் 28,000 டாலரிலிருந்து 40,000 டாலர் வரைக்கும், எதையெல்லாம் செலவுன்னு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து. மிகக் குறைஞ்ச செலவில் வந்த புத்தகத்துக்கே 15,000 டாலருக்கு மேல ஆகியிருக்கு. இதுல காகிதம், அச்சு சேரவே சேராது. கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படிக்கிற ஆசிரியர், அதை மதிப்பிட நிபுணர்களைத் தேடிப் பிடிக்கிறது, பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு, விளம்பரம் எல்லாம் மனுஷங்க சம்பளம்தான். மென்பொருளும் அப்படித்தானே? சிடி விலை அஞ்சு ரூபாய், அதுக்குள்ள இருக்கிற வேலைக்குத்தான் காசு.

இந்தச் செலவை விற்பனையில் எடுக்கணும். ஆனா இந்த மாதிரி புத்தகம் உலகம் முழுக்க சில நூறு பிரதிதான் விற்கும். வாங்குறதும் பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகங்கள். அந்த நூலகங்களின் பணத்தைப் பெரிய கம்பெனிகளின் ஆய்விதழ்ச் சந்தா வருஷா வருஷம் கூடுதலா விழுங்கிக்கிட்டே வந்தது. மிச்சத்தில்தான் புத்தகம். அதனால வாங்குற எண்ணிக்கை குறையுது. எண்ணிக்கை குறைய விலை ஏறுது. விலை ஏற எண்ணிக்கை இன்னும் குறையுது. நாய் தன் வாலைத் துரத்துற கதை.

எழுதினவனே கட்டட்டும்

இதுக்கு முதல்ல கண்டுபிடிச்ச வழி, 'புத்தகத்தைத் திறந்து விடணுமா? எழுதினவரே செலவைக் கட்டட்டும்' என்பது. பால்கிரேவ் மேக்மில்லன் 2013-ல் இந்த வசதியை அறிவிச்சப்போ ஒரு முழுப் புத்தகத்துக்கு வச்ச கட்டணம் 11,000 பவுண்டு. இன்னைய கணக்குல பத்து லட்சம் ரூபாய்க்கு மேல.

ஐரோப்பாவில் ஆராய்ச்சி நிதி வாங்குறவர் அந்த நிதியிலிருந்து கட்டிடுவார். நம்ம ஊர்க் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளரா இருந்துக்கிட்டு, லீவு நாள்ல கல்வெட்டு படிக்கப் போறவர் எங்கே போவார்? ஆக, படிக்கிறவன் முன்னாடி இருந்த சுவரை இடிச்சு, அதே செங்கல்லை வச்சு எழுதுறவன் முன்னாடி கட்டிட்டாங்க. எல்லாரும் படிக்கலாம், ஆனா பணக்காரப் பல்கலைக்கழகத்துக்காரர் மட்டும்தான் எழுதலாம். இது திறந்த அணுக்கமா? எனக்கு அப்படித் தோணலை.

இங்கேதான் நூலகங்கள் வர்றாங்க.

28 புத்தகம், 297 நூலகம்

ஃபிரான்சிஸ் பின்டர்னு ஒரு அம்மா. பல வருஷம் பதிப்புத் துறையில் இருந்தவங்க. 2012-ல் 'நாலெட்ஜ் அன்லாட்ச்டு'ன்னு ஒரு லாப நோக்கில்லாத அமைப்பைத் தொடங்கினாங்க. யோசனை ரொம்ப எளிமை. எப்படியும் நூறு நூலகங்கள் தனித்தனியா அதே புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கத்தானே போறாங்க? அந்தக் காசை முன்கூட்டியே ஒண்ணா சேர்த்து பதிப்பகத்துக்குக் கொடுத்துட்டா, அவங்க புத்தகத்தை உலகத்துக்கே திறந்து விட்டுடலாமே!

2013-14-ல் சோதனை ஓட்டம். 13 பதிப்பகங்களின் 28 புத்தகங்கள். குறைஞ்சது 200 நூலகங்கள் சேரணும்னு நிபந்தனை. 24 நாடுகளிலிருந்து 297 நூலகங்கள் வந்தாங்க. ஆள் கூடக் கூட தலைக்கு வர்ற பங்கு குறையும் இல்லையா? கடைசியில ஒரு நூலகத்துக்கு ஒரு புத்தகத்துக்கு 43 டாலருக்கும் குறைவாத்தான் ஆச்சு. கெட்டி அட்டையில் அதே மாதிரி ஒரு புத்தகம் வாங்குற விலையில் பாதி கூட இல்லை. ஆனா இந்தப் பாதி விலைக்கு நூலகம் வாங்கினது தனக்கு ஒரு பிரதி இல்லை, எல்லாருக்கும் ஒரு பிரதி.

நமக்கு இதுல அந்நியமா எதுவும் இல்லை. 1949-ல் பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசாங்கம் வாங்கினதும், அதுக்கப்புறம் பல எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கினதும் கிட்டத்தட்ட இதேதான். ஒருத்தர் ஒரு தடவை பணம் கொடுத்தா போதும், அப்புறம் எல்லாருக்கும் சொந்தம். அங்கே அரசாங்கம் தனியா கொடுத்தது. இங்கே நூலகங்கள் பங்கு போட்டுக் கொடுக்குது.

தலைக்கட்டு வரி

ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி போடுவாங்க. வரி கொடுத்தவன் கண்ணுக்கு மட்டும் தேர் தெரியும்னு எந்த ஊர்லயும் கிடையாது. கொடுக்காதவனும் அதே தெருவுல நின்னு அதே தேரைப் பார்ப்பான். 'அப்ப நான் ஏன்யா கொடுக்கணும்?'னு ஒருத்தன் கேட்டா பரவாயில்லை. ஊரே கேட்டா தேர் நகராது.

நூலகங்களுக்கும் இதே சிக்கல். காசு கொடுத்த நூலகத்துக்கும் அதே பிடிஎஃப், கொடுக்காத நூலகத்துக்கும் அதே பிடிஎஃப். நிதி வெட்டுற வருஷத்தில் நிர்வாகம் கேட்கிற முதல் கேள்வியே 'சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குப் பணம் கட்டுறீங்க?' என்பதாத்தான் இருக்கும். பாவம் நூலகர், என்ன பதில் சொல்லுவார்?

இதை ரெண்டு பதிப்பகங்கள் அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஒண்ணு எம்.ஐ.டி. பதிப்பகம். 2021-ல் 'டைரக்ட் டு ஓப்பன்'னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. நூலகங்கள் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டணும். தேவையான அளவு நூலகங்கள் சேர்ந்தா அந்த வருஷத்தின் புதிய ஆராய்ச்சிப் புத்தகங்கள் உலகத்துக்கே திறக்கும். இதுவரைக்கும் பழைய யோசனைதான். கூடவே ஒரு சின்ன வேலை பண்ணினாங்க. திறக்காம இருக்கிற 2,000-க்கும் மேற்பட்ட பழைய புத்தகங்களைப் பணம் கட்டின நூலகம் மட்டும் படிக்கலாம். ஆக, நிர்வாகம் கேள்வி கேட்டா நூலகர் கையில் பதில் இருக்கு: 'சார், நாம பழைய புத்தகங்களுக்குச் சந்தா கட்டுறோம்.' முதல் வருஷமே 240-க்கும் மேற்பட்ட நூலகங்கள் சேர, 2022-ல் 80 புத்தகங்கள் திறந்தன.

இன்னொண்ணு மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் சின்னப் பதிப்பகம். எம்.ஐ.டி. மாதிரி பெரிய கை இல்லை. அவங்க 'ஓப்பனிங் த ஃப்யூச்சர்' திட்டத்தில் சேர்ந்தாங்க. பழைய புத்தகங்களில் ஒரு கட்டை எடுத்து நூலகங்களுக்குச் சந்தாவில் கொடுக்குறது. மூணு வருஷம் கட்டினா அந்தக் கட்டு நூலகத்துக்கே நிரந்தரம். வர்ற பணத்தில் புதுப் புத்தகங்களை ஒவ்வொண்ணா திறந்து விடுறது. ஒரு புத்தகத்துக்குத் தேவையான பணம் சேர்ந்ததும் ஒரு புத்தகம் திறக்கும். ஊரே சேர்ந்து மொத்தமா நிரப்பணும்னு காத்திருக்க வேண்டாம். லிவர்பூல் பல்கலைக்கழகப் பதிப்பகமும் 2021-ல் இதே வழிக்கு வந்தது.

ரெண்டு வழியிலும் எழுதினவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. படிக்கிறவரும் கட்ட வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் சுவர் இல்லாத ஏற்பாடு இதுதான்.

நான் படிச்ச பாட்டுப் புத்தகம் வந்தது 'லூமினோஸ்' என்ற, 2015-ல் தொடங்கின வேற திட்டத்தில். அங்கே பதிப்பகமும் உறுப்பு நூலகங்களும் ஆசிரியரின் நிறுவனமும் செலவைப் பங்கு போட்டுக்குவாங்க. முழுசா சுவர் இல்லைன்னு சொல்ல முடியாது, ஆனா பாதி உயரத்துக்கு இறக்கியிருக்காங்க.

உண்டியலை வித்தா?

எல்லாம் சுபம்னு இங்கேயே முடிச்சிடலாம். ஆனா கதை அவ்வளவு இனிப்பா இல்லை.

நாலெட்ஜ் அன்லாட்ச்டு 2016-ல் லாப நோக்கில்லாத அமைப்பு என்ற நிலையை விட்டு ஜெர்மனியில் ஒரு கம்பெனியா மாறுச்சு. 2021 டிசம்பர்ல வைலி அதை விலைக்கு வாங்குச்சு. வைலி யாரு? ஆய்விதழ்ச் சந்தாவில் கொழுத்த பெரிய பதிப்பகங்களில் ஒண்ணு. எந்தச் சந்தா நூலகப் பணத்தை விழுங்குதுன்னு பொதுவுல ஒரு உண்டியல் வச்சாங்களோ, அந்த உண்டியலே சந்தாக் கம்பெனி கைக்குப் போச்சு. திறந்த புத்தகங்கள் மூடலை, அதைச் சொல்லணும். உரிமம் கொடுத்தா கொடுத்ததுதான். ஆனா எந்தப் புத்தகத்தைத் திறக்கலாம், அதுக்கு எவ்வளவு வாங்கலாம்னு முடிவு பண்ற இடம் கை மாறிடுச்சு.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இந்த பயம் தெரியும். 2014-ல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே வந்தப்பதான், உலகத்துல பாதி வலைத்தளங்கள் நம்பியிருக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்-க்கு வருஷத்துக்கு வர்ற நன்கொடை வெறும் 2,000 டாலர் அளவுலதான்னு பல பேருக்குத் தெரிஞ்சது. எல்லாரும் பயன்படுத்துற பொதுச் சொத்துக்கு ரெண்டு ஆபத்து. ஒண்ணு, யாருமே காசு கொடுக்காம காய்ஞ்சு போறது. இன்னொண்ணு, நல்லா வளர்ந்த பிறகு யாராவது மொத்தமா தூக்கிட்டுப் போறது. நம்ம பதிவுலகத்துக்கும் இது புதுசா? திரட்டி வேணும்னு எல்லாரும் கேட்டோம். வழங்கி வாடகையை யாரோ ஒருத்தர் தன் கைக்காசுல கட்டினார். அவருக்கு முடியாமப் போனதும் திரட்டி நின்னுது.

ரெண்டாவது ஆபத்துக்கு ஒரு மருந்து, பிரிட்டனில் இருக்கிற 'ஓப்பன் புக் கலெக்டிவ்'. ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ், பங்க்டம் மாதிரி சின்னச் சின்னப் பதிப்பகங்களுக்கு நூலகங்கள் ஒரே இடத்தில் ஆதரவு கொடுக்கிற ஏற்பாடு. நிர்வாகத்தில் பதிப்பகங்களும் நூலகங்களும் சேர்ந்து உட்காருறாங்க. முக்கியமான விஷயம், அது பதிவு பண்ணின அறக்கட்டளை. பங்கே இல்லாத ஒண்ணை யாரும் பங்கு வாங்கிப் பிடிக்க முடியாது.

நம்ம பக்கம்

இந்தியாவில் 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வாசல். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அது ஆய்விதழ்களுக்கு, புத்தகங்களுக்கு இல்லை. கல்லூரி அடையாள அட்டை இருக்கிறவங்களுக்கு, உங்களுக்கும் எனக்கும் இல்லை. சந்தா என்பது வாடகை. கட்டுறதை நிறுத்தினா வீட்டைக் காலி பண்ணணும். நூலகங்கள் சேர்ந்து திறக்கிற புத்தகத்துக்குக் கொடுக்கிற பணம் வாடகை இல்லை, ஊர்க் கிணறு வெட்டுற பணம். ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான்.

இன்னொரு உறுத்தலும் இருக்கு. இப்போ இந்தத் திட்டங்களுக்குக் காசு கொடுக்கிறது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய நூலகங்கள். அவங்க புண்ணியத்தில் நான் மதுரையைப் பற்றியும் டி.எம்.எஸ்.ஸைப் பற்றியும் படிக்கிறேன். நன்றி, கோடி நன்றி. ஆனா எந்தப் புத்தகம் திறக்கும்னு முடிவாகிறதும் அங்கேதான். காசு கொடுக்கிறவனுக்குத்தானே திருவிழாக் கூட்டத்தில் பேச இடம்? தமிழில் எழுதப்படுற ஆராய்ச்சிப் புத்தகத்தைத் திறக்கணும்னு பாஸ்டன் நூலகர் யோசிக்க மாட்டார். யோசிக்கணும்னு நாம எதிர்பார்க்கவும் முடியாது. அதை நம்ம பல்கலைக்கழக நூலகங்கள்தான் யோசிக்கணும். ஒரு சின்னப் பதிப்பகத்தின் பத்துப் புத்தகத்தை நாப்பது கல்லூரி நூலகங்கள் பங்கு போட்டுத் திறந்தா தலைக்கு எவ்வளவு ஆகும்? தமிழ்ப் புத்தக விலைக்கு, 28,000 டாலர் கணக்கெல்லாம் இங்கே வேண்டியதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க, ஆச்சரியமா இருக்கும்.

இதுல இருக்கிற மனுஷத்தனம்தான் எனக்குப் பெரிசாப் படுது. கோயில்ல டியூப்லைட் வாங்கிக் கொடுக்கிறவர், வெளிச்சம் மறையிற அளவுக்கு 'உபயம்: இன்னார்'னு எழுதி வச்சுடுவார். இந்தப் புத்தகங்களின் முன்பக்கத்தைப் பாருங்க. இந்தத் திட்டத்தின் ஆதரவால் இந்தப் புத்தகம் திறக்கப்பட்டதுன்னு சின்ன எழுத்துல ஒரே ஒரு வரி. பல சமயம் நூலகங்களின் பேர் கூட இருக்காது. தன் ஊர்ல யாரும் பாராட்டப் போறதில்லைன்னு தெரிஞ்சும், சும்மா கிடைக்கிறதுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நிதிக்குழு முன்னாடி ஒரு நூலகர் வாதாடியிருக்கார். கடல் தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு ஆணி பிடுங்கி முடிச்ச ஒருத்தன் எல்.ஆர்.ஈஸ்வரியைப் பற்றிப் படிப்பான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

கொசுறு 1: இப்படித் திறந்த புத்தகங்களைத் தேட 'டைரக்டரி ஆஃப் ஓப்பன் ஆக்சஸ் புக்ஸ்' (2012-லிருந்து இருக்கு), நெதர்லாந்தின் 'ஓஏபென்' நூலகம், ரெண்டும் போதும். மதுரைக்காரங்க எலைன் ஃபிஷரின் 'இந்து ப்ளூரலிசம்' (2017) எடுத்துப் பாருங்க. நீலகண்ட தீட்சிதர் காலத்து மதுரையும் திருவிளையாடலும் அதுல இருக்கு. அதுவும் லூமினோஸ்தான்.

கொசுறு 2: மொழிபெயர்க்க ஆசைப்படுற பதிவர்கள் கவனத்துக்கு. இலவசம் என்பதும் எடுத்தாளலாம் என்பதும் ஒண்ணு இல்லை. முன்பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பாருங்க. வெறும் 'சிசி பை'ன்னு இருந்தா பேர் குறிப்பிட்டு, மொழிபெயர்ப்புன்னும் சொல்லிட்டுத் தமிழாக்கி வெளியிடலாம். 'என்டி' ஒட்டியிருந்தா கேட்காம வெளியிடக்கூடாது.

நூலகத்தில் வேலை பார்க்கிற பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க கல்லூரியில் இப்படி ஒரு பங்கு போடச் சொல்லிக் கேட்டா என்ன பதில் வரும்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. திட்டுறவங்களும் வரலாம் :-)